குறட்டைச் சத்தம் நின்றால் சந்தோஷப்படலாமா? இயற்கையாகக் குறைக்கும் வழிகளும், கவனிக்க வேண்டிய ஆபத்தும்

ஐப்பசியில் கந்த சஷ்டி தொடங்கிவிட்டால் திருச்செந்தூரில் படுக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஆறு நாள் விரதம் இருப்பவர்களில் பலர் சுப்பிரமணிய சுவாமி கோயில் வளாகத்திலேயே தங்கிவிடுவார்கள். இரவில் பாயும் போர்வையுமாக வரிசை வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஒரு பக்கம் கடல் சத்தம். அதையும் மீறி எங்கிருந்தோ ஒரு குறட்டைச் சத்தம். விடிந்ததும் பக்கத்தில் படுத்தவர் கேட்பார்: “என்ன அண்ணாச்சி, ராத்திரி பூரா லாரி ஓட்டிட்டியளே!” அண்ணாச்சிக்கு ஒரே ஆச்சரியம்: “நானா? நான் கண்ணே மூடலியே வே!”

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற பேச்சுதான். ஆனால், இதில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. குறட்டை விடுபவருக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் ஒரே சாட்சி. கோயில் மண்டபமோ, ராத்திரி ரயிலோ, லாட்ஜ் அறையோ, நம் வீட்டுப் படுக்கையறையோ, எங்கேயும் இதே கதைதான்.

அந்தச் சாட்சி எதைக் கவனிக்க வேண்டும்? குறட்டையை மருந்து மாத்திரை இல்லாமல் குறைக்க முடியுமா? எந்த வழி உண்மையிலேயே பலன் தரும், எது வெறும் பேச்சு? எந்தக் கட்டத்தில் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? பார்க்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் போகும் காற்று தொண்டை வழியாகத்தான் போயாக வேண்டும். தொண்டையைச் சுற்றி எலும்புக் கூடு கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக இருக்கும். தூங்கும்போது உடம்பு முழுவதும் தளர்வதுபோல் அவையும் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. மேல் அண்ணத்தின் மென்மையான பகுதியும் உள்நாக்கும் தொங்குகின்றன. பாதை குறுகிவிடுகிறது.

குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும். வேகமான காற்றில் கொடித்துணி படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல மேல் அண்ணமும் உள்நாக்கும் படபடவென்று அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் குறட்டை. 

உடல் எடை கூடும்போது வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வதில்லை. கழுத்திலும், நாக்கிலும்கூட சேர்கிறது. பாதை இன்னும் குறுகுகிறது. சளி, அலர்ஜி, மூக்குத் தண்டு வளைவு ஆகியவற்றால் மூக்கு அடைத்திருந்தால் வாயால் மூச்சு விட வேண்டிவரும். அப்போதும் குறட்டை கூடும். மது, சில தூக்க மாத்திரைகள், தைராய்டு சுரப்பு குறைவு, வயது என்று வேறு காரணங்களும் உண்டு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் குறட்டை வரும். தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. அதனால், ‘நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சத்தத்தைவிட மௌனத்தைக் கவனியுங்கள்

குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சளி பிடித்திருக்கும்போதோ, பகலெல்லாம் அலைந்து களைத்துப் படுத்தபோதோ வரும் குறட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. 

பயப்பட வேண்டியது வேறொன்று. பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவார். ‘அப்பாடா, நின்னுது’ என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் படுப்பார். பத்து நொடி, இருபது நொடி... பிறகு ‘ஹக்’ என்று மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம். உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். மறுபடி குறட்டை. மறுபடி மௌனம்.

அந்த மௌனத்தின்போது நெஞ்சும் வயிறும் மூச்சு இழுக்க முயன்றுகொண்டே இருக்கும்; ஆனால் தொண்டை முழுவதும் அடைபட்டிருப்பதால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை அபாயத்தை உணர்ந்து அரைகுறையாக எழுப்பிவிடும். தொண்டைத் தசை மீண்டும் விறைக்கும், மூச்சு வரும். எழுந்ததே அவருக்கு நினைவிருக்காது. இதற்கு ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று பெயர். தமிழில் தூக்கத்தில் மூச்சுத்தடை எனலாம்.

மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு தடை. மூச்சு முழுவதும் நிற்பதையும், பாதியாகக் குறைவதையும் சேர்த்து மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 தடவை என்றால் லேசானது; 15 முதல் 30 வரை நடுத்தரம்; 30-க்கு மேல் தீவிரம். தீவிர நிலையில் இருப்பவர் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது மூச்சுக்குத் தவிக்கிறார் என்று அர்த்தம். இப்படி ராத்திரி முழுக்க நடந்தால் ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை போட்டும் பிரஷர் கட்டுக்குள் வராத பலருக்கு இது மறைந்திருக்கும் காரணமாக இருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 

பிரபல இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது, இந்த மூச்சுத்தடையைத்தான் காரணமாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் குறிப்பிட்டார். அதுவரை இந்தப் பெயரைக் கேள்விப்படாத பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு ‘சும்மா குறட்டை’தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வேலை: போனில் பதிவு செய்யுங்கள்

இயற்கை வழியில் இறங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு மூன்று இரவுகள் செல்போனைத் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் இருப்பவர் ஒரு பத்து நிமிடம் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது தெரியும்படி எடுக்க வேண்டும்.

பதிவைக் கேட்கும்போது சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். ஒரே சீராக வருகிறதா, இல்லை நின்று நின்று, திணறித் திணறி வருகிறதா என்று கேளுங்கள். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருகிறதா? எல்லாப் பக்கமும் படுத்தாலும் வருகிறதா? சீரான குறட்டை என்றால் கீழே சொல்லும் வழிகளை நம்பிக்கையோடு முயலலாம். நின்று திணறுகிறது என்றால், அந்த வழிகளோடு மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். அந்தப் பதிவையே அவரிடம் போட்டுக்காட்டலாம்.

செலவில்லாமல் குறைக்கும் வழிகள்

1. ஒருக்களித்துப் படுங்கள்: மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையிலேயே பின்னால் சரியும். ஒருக்களித்துப் படுத்தால் அது பக்கவாட்டில் போகும், பாதை திறந்திருக்கும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் குறட்டை விடுபவர்களுக்கு இதுவே பாதித் தீர்வு. ஆனால் தூக்கத்தில் நம்மை அறியாமல் புரண்டுவிடுவோமே? அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதற்குள் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது. மல்லாந்தால் பந்து குத்தும். தூக்கம் கலையாமலே உடம்பு திரும்பிவிடும். பந்து இல்லையென்றால் துண்டை உருட்டிச் சுருட்டி வைத்தும் தைக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அண்டக்கொடுத்தாலும் போதும்.

2. தலைமாட்டை உயர்த்துங்கள்: இரண்டு மூன்று தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், பாதை இன்னும் நெருங்கும். அதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து, நெஞ்சிலிருந்து மேல்பகுதி முழுவதும் லேசாக உயரும்படி செய்யுங்கள். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கும் இது நல்லது.

3. எடையில் பத்தில் ஒரு பங்கு: அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. உடல் எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு மூச்சுத்தடை சுமார் 32 சதவீதம் கூடியது. 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு சுமார் 26 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும் என்பது இதன் பொருள். ஒரேயடியாகப் பட்டினி கிடக்க வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பரோட்டாவும் சால்னாவும் என்ற பழக்கத்தை மட்டும் முதலில் விட்டுப் பாருங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்தால், வயிற்றிலிருந்து அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குவதும் குறையும்.

4. மதுவும் புகையும்: மது தொண்டைத் தசையை வழக்கத்தைவிட அதிகமாகத் தளர்த்திவிடும். ‘ஒரு பெக் போட்டாத்தான் தூக்கமே வருது’ என்பவர்கள் அதிகம் குறட்டை விடுவதற்குக் காரணம் இதுதான். புகையோ மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்கு மாலை போட்டு நடந்து வருபவர்கள் விரத நாட்களில் மது, புகை, இறைச்சி எதையும் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் குறட்டை குறைந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ‘ஆமாங்க, இவுக மாலை போட்ட பிறகு சத்தமே இல்ல’ என்று பதில் வந்தால் காரணம் எது என்று உங்களுக்கே புரிந்துவிடும். காசில்லாத பரிசோதனை அது. மாலையைக் கழற்றிய பிறகும் தொடர்ந்தால்தான் பலன்.

5. மூக்கைத் திறந்து வையுங்கள்: அலர்ஜி இருப்பவர்கள் தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். படுக்கும் இடத்தில் கொசுவர்த்திப் புகையைத் தவிர்த்துக் கொசுவலை கட்டுங்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் அடைப்பைக் குறைக்கும். 250 மி.லி. தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். 

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தத் தண்ணீர் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே பறிக்கும். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இதனால் உயிரிழப்புகள் நடந்தன. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மூக்குக்கு என்றால் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். 

மருந்துக் கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நான்கைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். போடப் போட அடைப்பு கூடும். அதை விடவே முடியாமல் போகும்.

6. தூக்கத்தைக் கடன் வைக்காதீர்கள்: பல நாள் தூக்கம் கெட்டுப் படுக்கும்போது ஆழ்ந்த அயர்ச்சியில் தசைகள் கூடுதலாகத் தளரும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படுத்து, ஏழு மணி நேரமாவது தூங்கினால் குறட்டையும் மட்டுப்படும்.

7. நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி: இதுவரை சொன்னவை பலருக்குத் தெரிந்ததுதான். இது அவ்வளவாகத் தெரியாதது. ஆனால் ஆய்வில் பலன் காட்டியது. தசை தளர்வதுதானே பிரச்சினை? அப்படியானால் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? பிரேசிலின் சாவோ பாவ்லோவில் மருத்துவர்கள் இதைத்தான் யோசித்தார்கள். 39 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்குக் குறட்டை வரும் தடவை 36 சதவீதமும், சத்தத்தின் மொத்த வலு 59 சதவீதமும் குறைந்திருந்தன. இவர்கள் எல்லோரும் சாதாரணக் குறட்டையோ, லேசான, நடுத்தர மூச்சுத்தடையோ உள்ளவர்கள்.

பயிற்சி எளிது. ஒரு தடவைக்கு எட்டு நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை:

- நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் அழுத்தி, அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போங்கள். 20 முறை.
- முழு நாக்கையும் மேல் அண்ணத்தோடு ஒட்டி உறிஞ்சிப் பிடியுங்கள். 20 முறை.
- நாக்கு நுனி கீழ் முன்பற்களைத் தொட்டபடி இருக்க, நாக்கின் பின்பகுதியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். 20 முறை.
- வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லியபடி உள்நாக்கை மேலே தூக்குங்கள். கண்ணாடியில் பார்த்துச் செய்தால் அது ஏறுவது தெரியும். 20 முறை.
- விரலைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து வெளியே தள்ளுங்கள். கன்னத் தசையால் விரலை உள்ளே தள்ளுங்கள். பக்கத்துக்கு 10 முறை.
- சாப்பிடும்போது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று தின்னுங்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூடச் செய்யலாம். ஆனால் ஒரு வாரம் செய்துவிட்டு ‘ஒண்ணும் ஆகலியே’ என்று விட்டுவிட்டால் பயனில்லை. மூன்று மாதம் தினமும் செய்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் கிடைத்தது.

நாதஸ்வரம் வாசித்தால் குறட்டை குறையுமா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பக்கத்தில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ‘டிட்ஜரிடூ’ ஒரு நீண்ட மரக்குழல். மூச்சை இடைவிடாமல் சுழற்றி ஊத வேண்டும். சுவிட்சர்லாந்தில் நடுத்தர மூச்சுத்தடையும் குறட்டையும் உள்ள 25 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் இதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. பக்கத்தில் படுப்பவர்களுக்கும் தொந்தரவு குறைந்தது. 2006-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுக்கு 2017-ல் ‘இக் நோபல்’ என்ற நகைச்சுவை விருது, அதுவும் அமைதிக்கான விருது கிடைத்தது. வீட்டில் அமைதி திரும்பியதே!

நாதஸ்வரம் இரட்டைச் சீவாளி கொண்ட கருவி. மேலைநாட்டு ஓபோ, பாசூன் கருவிகளும் அந்த இனம்தான். அவற்றை வாசிக்கும் கலைஞர்களுக்கு மூச்சுத்தடை வரும் வாய்ப்பு குறைவாக இருப்பதாக 2012-ல் ஒரு கருத்துக்கணிப்பு ஆய்வு சொன்னது. ஆனால் அதற்கு முன் 2009-ல் ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், காற்றுக் கருவி வாசிப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆகவே காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் பிள்ளைகளை நாதஸ்வரம் படிக்கவைக்க வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு. குறட்டையை முதல் காரணமாகச் சொல்ல முடியாது. 

பாட்டுக்கும் ஓரளவு பலன் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் குறட்டைக்காரர்களுக்கு மூன்று மாதம் தினமும் 20 நிமிடம் குரல் பயிற்சி கொடுத்த ஆய்வு 2013-ல் வெளியானது. குறட்டை வரும் தடவைகள் குறைந்தன. தினமும் வாய்விட்டுப் பாடுகிறவர்கள் தாராளமாகத் தொடருங்கள்.

இவற்றை நம்பி ஏமாற வேண்டாம்

உடன்குடி கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி சளிக்கு இதமானது, தொண்டைக்குச் சுகம். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று நேரம் விலகும். அதனால் வரும் குறட்டையும் அன்றைக்குக் குறையலாம். ஆனால் தேன், ஏலக்காய், மஞ்சள் பால் எதுவும் தளர்ந்த தொண்டைத் தசையை விறைக்க வைக்காது. குடிக்கலாம், அதுவே மருந்து என்று இருந்துவிடக் கூடாது.

படுக்கும்முன் மூக்கில் நெய்யோ எண்ணெயோ விடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதில் ஆபத்து அதிகம்.

சமூக வலைதளங்களில் இப்போது பரவும் இன்னொன்று, வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவது. மூக்கு அடைத்திருப்பவரோ மூச்சுத்தடை உள்ளவரோ இதைச் செய்தால் மூச்சுக்கு இருக்கும் மாற்று வழியையும் அடைப்பதாகிவிடும். வேண்டவே வேண்டாம்.

எட்டுக் கேள்விகள்: உங்களுக்கு எத்தனை ‘ஆமாம்’?

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளிகளிடம் கேட்பதற்காகக் கனடாவின் டொரன்டோவில் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். 2008 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்:

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி சோர்வு, தூக்கக் கலக்கம் இருக்கிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நின்றதையோ திணறியதையோ யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கிறதா, அதற்கு மாத்திரை எடுக்கிறீர்களா?
5. உடல் பருமன் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. 35-க்கு மேலா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

இரண்டு ‘ஆமாம்’ வரை ஆபத்து குறைவு. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடனே பரிசோதனை தேவை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் ‘ஆமாம்’ என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

காலையில் எழும்போதே தலைவலி, வாய் வறண்டிருப்பது, ராத்திரி பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, ஞாபக மறதி, எரிச்சல் ஆகியவையும் அறிகுறிகளே.

பெண்களும் குழந்தைகளும்

பெண்கள் குறட்டை விடுவதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள், வீட்டிலும் மறைக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சுத்தடை கூடுகிறது. ‘ராத்திரி தூக்கமே சரியில்ல, உடம்பெல்லாம் அசதி’ என்று மட்டும் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் புதிதாகக் குறட்டை தொடங்கினால் அதை மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

‘புள்ளை அப்பனை மாதிரியே கொறட்டை விடுது’ என்று குழந்தையின் குறட்டையை ரசிக்காதீர்கள். சளி இல்லாதபோதும் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை விட்டால், வாயைத் திறந்தபடியே தூங்கினால், டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் குழந்தைகள் பகலில் தூங்கி வழிவதைவிட, துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காமல் இருப்பார்கள்; படிப்பில் கவனம் போகாது. காரணம் தெரியாமல் அடி வாங்குவார்கள்.

ராத்திரி வண்டி ஓட்டுபவர்களுக்கு

திருச்செந்தூருக்கு வரும் வேன்களும் கார்களும் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடுகின்றன. சாயங்காலம் கிளம்பி, விடியற்காலை கடலில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, அன்று ராத்திரியே ஊர் திரும்புவார்கள். பின்னால் இருப்பவர்கள் தூங்கலாம். டிரைவர் தூங்க முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் ஓடும் லாரிகளின் டிரைவர்களுக்கும் இதே நிலைதான்.

மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அவர் எட்டு மணி நேரம் படுத்திருந்திருப்பார். ஆனால் ராத்திரி முழுக்க நூறு, இருநூறு தடவை அரைகுறையாக எழுந்தவருக்கு அது தூக்கமாகாது. டீ குடிப்பதும், முகம் கழுவுவதும், பாட்டுப் போடுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

எனவே, நீங்கள் தரிசனத்துக்குப் போன நேரத்தில் வண்டிக்குள்ளேயே படுத்திருந்த டிரைவர் தம்பி, திரும்பி வரும்போது பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுவதைப் பார்த்தால் கேலி செய்யாதீர்கள். “தம்பி, தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குது. ஒரு தடவை டாக்டரைப் பாத்துருங்க” என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ராத்திரிப் பயணத்தைக் காலைக்குத் தள்ளி வைத்தாலும் நஷ்டமில்லை.

பரிசோதனையும் சிகிச்சையும்

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். ஒரு ராத்திரி மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கருவிகள் பதிவு செய்யும். ஊசி கிடையாது, வலி கிடையாது. வீட்டிலேயே பொருத்திக்கொண்டு தூங்கும் சிறிய கருவிகளும் வந்துவிட்டன.

நடுத்தர, தீவிர மூச்சுத்தடைக்கு ‘சி-பாப்’ என்ற கருவிதான் முதன்மைச் சிகிச்சை. மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். இதமான அழுத்தத்தில் காற்று வந்து தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்தியது இது. முதல் சில நாள் சங்கடமாக இருக்கும். பழகியவர்கள், ‘பல வருசம் கழிச்சு இப்பதான் தூங்குனேன்’ என்பார்கள். சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும் பல் கருவி போதும். டான்சில், மூக்குத் தண்டு கோளாறு இருந்தால் அறுவை சிகிச்சை உதவும்.

இந்தச் சிகிச்சை எடுப்பவர்கள் இயற்கை வழிகளை விட வேண்டும் என்பதில்லை. எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் அவர்களுக்கும் பலன் தரும். ஆனால் வீட்டு வழியில் சத்தம் மட்டும் குறைந்து, மூச்சு நிற்பது தொடரலாம். பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிவிட்டால் அதைக் கவனிக்க ஆளே இல்லாமல் போய்விடும். அதனால் ஒரு மாதம் முயன்ற பிறகு மறுபடி போனில் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பகல் தூக்கம் குறைந்ததா, காலையில் தெளிவாக எழ முடிகிறதா என்றும் பாருங்கள்.

குறட்டை விடுபவரைக் கேலி செய்வதும், எழுந்து வேறு அறைக்குப் போவதும் நம் வீடுகளில் வழக்கம். இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் போகாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால், மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தட்டி எழுப்பி ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.